வீட்டு மரச்செதுக்கு மெஷினுக்கு எந்த ரவுட்டர் பிட் பொருந்தும்? ராமநாதபுரம் கரையோரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொண்டியிலிருந்து சாயல்குடி வரை இந்தக் கரையோரத்தில், கம்ப்யூட்டர் சொல்கிறபடி தானே ஓடிச் செதுக்குகிற சின்ன சி.என்.சி. மெஷினை வீட்டில் வைத்துப் பெயர்ப்பலகை, சாமி படம், கலாம் ஐயா முகம், கதவுக்குப் பூவேலை என்று செதுக்குகிறவர்கள் நிறையப் பேர் என்னிடம் சந்தேகம் கேட்பார்கள். கேள்வி எப்படிச் சுற்றி வந்தாலும் கடைசியில் பிட்டில்தான், அதாவது மெஷினில் மாட்டி மரத்தை வெட்டுகிற கூர்முனையில்தான், வந்து நிற்கும். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன் (‘காக்கா’ என்றால் இங்கே அண்ணன்). முதல் இரண்டு பதிலை மட்டுமாவது படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

அண்ணே, மெஷின் வாங்கியாச்சு. கடையில போய் என்ன அளவுன்னு சொல்லி பிட் கேக்குறது?

ஒரு பிட்டுக்கு இரண்டு அளவு உண்டு. மெஷின் கவ்விப் பிடிக்கிற காம்பின் தடிமன் ஒன்று, மரத்தை வெட்டுகிற முனையின் தடிமன் இன்னொன்று. மெஷினுக்குப் பொருந்துமா என்பதைக் காம்புதான் முடிவு செய்யும். வெட்டும் முனை 1 மி.மீ. இருந்தாலும் காம்பு 3.175 மி.மீ. இருக்கலாம். கடைக்காரர் ‘3 எம்எம் பிட்’ என்று எடுத்துக் கொடுத்தால் எதைச் சொல்கிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

காம்பைப் பிடிப்பது கோலெட். ஸ்பிண்டில், அதாவது பிட்டைச் சுற்றுகிற தண்டு, அதன் நட்டைக் கழற்றினால் உள்ளே பிளவு பிளவாக வெட்டிய ஒரு கூம்பு இருக்கும், அதுதான். அதன் விளிம்பிலேயே அளவு பொறித்திருக்கும். சின்ன மெஷின்களில் பெரும்பாலும் 3.175, அதாவது ஆசாரிமார் கணக்கில் ஒரு நூல். டிரிம்மர் (ஆசாரிமார் கையில் பிடித்து ஓட்டுகிற சின்ன ரவுட்டர்) மாட்டிய மெஷினில் 6 அல்லது 6.35. பின்னது இரண்டு நூல், கால் இஞ்ச். பொறித்த எழுத்து தேய்ந்திருந்தால் மெஷினோடு வந்த பிட்டின் காம்பை வெர்னியரில் (நுண்ணளவு பார்க்கிற கவ்வுகோலில்) அளந்து பாருங்கள். ஸ்கேலை வைத்துப் பார்த்தால் 6-க்கும் 6.35-க்கும் வித்தியாசம் தெரியாது.

3-க்கும் 3.175-க்கும் என்ன பெரிய வித்தியாசம்? 6-க்கும் 6.35-க்கும் கூட அப்படித்தானே? இறுக்கினா பிடிச்சுக்காதா?

எந்த வகைக் கோலெட் என்பதைப் பொறுத்தது. இ.ஆர். வகைக் கோலெட் தன் அளவிலிருந்து அரை மி.மீ. வரை சுருங்கிப் பிடிக்கும்படி செய்தது. 3.175 போட்ட இ.ஆர். 11 கோலெட்டில் 3 மி.மீ. காம்பு நிற்கும். ஆனால் 3 மி.மீ. கோலெட்டில் 3.175 காம்பைத் திணிக்கக் கூடாது. கோலெட் சுருங்குவதற்குத்தான், விரிவதற்கு இல்லை. திணித்தால் பிளவுகள் விரிந்து, அதற்குப் பிறகு எந்தப் பிட்டையும் நேராகப் பிடிக்காது.

டிரிம்மரின் கோலெட்டுக்கு இந்த இடம்கொடுக்கும் குணம் கிடையாது. 6.35 கோலெட்டில் 6 மி.மீ. காம்பை இறுக்கினால் பிடித்த மாதிரியே இருக்கும், வேலை நடுவில் நழுவிக் கீழே இறங்கும். நீங்கள் 4 மி.மீ. ஆழம் சொன்ன இடத்தில் 9 மி.மீ. குழி விழுந்திருக்கும். நிமிடத்துக்கு 20,000 சுற்றில் பிட் கழன்று பறந்தால் மரத்தோடு போகாது. இந்த இடத்தில் ‘ஏறக்குறைய’ என்ற பேச்சே வேண்டாம். சரியான அளவுக் கோலெட் தனியாகவே கிடைக்கிறது.

உள்ளே போடுகிற சின்னக் குழாய் ஒன்று விற்கிறார்கள், 6-லிருந்து 3.175-க்குக் குறைக்க. அவசரத்துக்கு ஆகும். நுணுக்க வேலைக்கு ஆகாது. ஏன் என்று கடைசிக் கேள்வியில் வரும்.

என்னோடது 3018 மெஷின். தம்பி சென்னையிலேர்ந்து 8 மி.மீ. காம்பு பிட்டு ரெண்டு அனுப்பியிருக்கான். போட வழி இருக்கா?

இல்லை. அந்த மெஷினில் இருப்பது இ.ஆர். 11. அதில் அதிகபட்சம் 7 மி.மீ. தான் போகும். இ.ஆர். 16 என்றால் 10 வரை, இ.ஆர். 20 என்றால் 13 வரை. தம்பிக்குத் திருப்பி அனுப்புங்கள்.

போனாலும் பயனில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 3018 என்றால் 300-க்கு 180 மி.மீ. வேலைப்பரப்பு. அதில் இருக்கும் சின்ன டி.சி. மோட்டாருக்குப் பெரிய பிட்டைத் தள்ளுகிற வலு இல்லை, சட்டமும் ஆடும். அந்த மெஷினுக்கு 3.175 காம்பில் கிடைக்கிற பிட்டுகளே போதும்.

எங்க ஆசாரி மாமா பழைய டிரிம்மர் பிட்டு ஒரு டப்பா கொடுத்தாரு. அத்தனையும் வீணாக்கவா?

முதலில் காம்பு. அதில் அரை இஞ்ச் காம்பு கலந்திருந்தால் அதை ஒதுக்குங்கள். மீதியில், முனையில் பேரிங் உள்ளவற்றையும் ஒதுக்குங்கள். அவை பலகையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு ஓடுவதற்கானவை. நடுப்பலகையில் இறக்கினால் முதலில் பேரிங்தான் மரத்தில் முட்டும்.

மிச்சம் இருப்பதைத் திருப்பிப் பிடித்து, முனையைக் கீழிருந்து பாருங்கள். வெட்டும் விளிம்பு நடுமையம் வரை வந்திருக்கிறதா? நடுவில் வெறும் இரும்பு தெரிந்தால் அது நேராகக் கீழே இறங்கி வெட்டாது, தேய்த்துப் புகைவிடும். அப்படிப்பட்டதைச் சரிவாக இறங்கும்படி மென்பொருளில் அமைத்தால் பயன்படுத்தலாம். பல மென்பொருள்களில் அந்த வசதி இருக்கும், எல்லாவற்றிலும் இல்லை.

ட்ரில் பிட்டையே போட்டு ஓட்டலாமா காக்கா?

ஓட்டை போட மட்டும். ட்ரில் பிட் கீழ்நோக்கி வெட்டுவதற்கு மட்டுமே செய்தது, பக்கவாட்டில் அதற்குக் கூர்மை கிடையாது. பக்கவாட்டில் தள்ளினால் வளையும், அல்லது ஒடியும்.

ஸ்பைரல்ல மேல்நோக்கி, கீழ்நோக்கின்னு ரெண்டு இருக்கு. ரெண்டும் பார்க்க ஒண்ணுபோலத்தான் இருக்கு, எதை வாங்க?

மேல்நோக்கிச் சுருள் தூளை வெளியே தள்ளும். ஆழமான குழிக்கு நல்லது, ஆனால் பலகையின் மேல் விளிம்பில் நார் கிளம்பும். கீழ்நோக்கிச் சுருள் மேல் விளிம்பைப் பளிச்சென்று வைக்கும், ஆனால் தூளைக் குழிக்குள்ளேயே திணிக்கும். குறுகிய ஆழக் குழியில் அந்தத் தூள் சூடாகிப் புகையும்.

பிளைவுட் மேல்தோல் பிய்கிறதே என்பவர்களுக்குக் கீழ்நோக்கி. எழுத்துக் குழி, 3டி முரட்டு வெட்டு எல்லாவற்றுக்கும் மேல்நோக்கி. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் மேல்நோக்கியை வாங்கிவிட்டு, கிளம்பிய நாரை உப்புத்தாளால் தேய்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டுப் பேர்ப்பலகைக்கு வி-பிட் எத்தனை டிகிரி போடணும்? 30-ன்னு ஒருத்தர், 90-ன்னு ஒருத்தர் சொல்றாங்க.

வி-பிட் என்றால் முனை ‘V’ போலக் கூம்பியது, டிகிரி அந்தக் கூம்பின் கோணம். கணக்கு போட்டால் சண்டை தீரும். எழுத்தின் கோடு 4 மி.மீ. அகலம் என்று வையுங்கள். 90 டிகிரி பிட் அந்த அகலத்தை எட்ட 2 மி.மீ. இறங்கினால் போதும். 60 டிகிரி சுமார் 3.5 மி.மீ. இறங்க வேண்டும். 30 டிகிரி ஏறக்குறைய 7.5 மி.மீ. இறங்க வேண்டும். 12 மி.மீ. பலகையில் 7.5 மி.மீ. பள்ளம் என்றால் பலகையே பலவீனமாகிவிடும்.

இன்னொரு பக்கம், 90 டிகிரியில் மெல்லிய கோடு வெறும் கீறலாக நிற்கும், பெயிண்ட் நிரப்பினால் தங்காது. தமிழ் எழுத்தில் ண, ஞ, ணை போன்றவற்றின் சுழிகள் நெருக்கமானவை. அரபி எழுத்தின் புள்ளிகளும் அப்படித்தான். எழுத்து உயரம் 25 மி.மீ.-க்குக் கீழே என்றால் நான் 60 டிகிரிதான் போடுவேன். பெரிய எழுத்துக்கு 90. மெஷினோடு ஒரு டப்பாவில் வருகிற 20, 30 டிகிரி ஊசிப் பிட்டுகள் செப்புத் தகட்டு சர்க்யூட் போர்டு செதுக்கச் செய்தவை. மரத்தில் முனை உடனே போகும்.

மென்பொருளில் நீங்கள் எந்த டிகிரி கொடுக்கிறீர்களோ அதை வைத்துத்தான் ஆழம் கணக்காகும். மெஷினுக்குக் கண் கிடையாது. சில விற்பனையாளர்கள் முழுக் கோணத்தைப் போடுவார்கள், சிலர் பாதிக் கோணத்தைப் போடுவார்கள். சந்தேகமாக இருந்தால் கழிவுப் பலகையில் 2 மி.மீ. ஆழத்துக்கு ஒரு கோடு இழுத்து அகலத்தை அளங்கள். 4 வந்தால் 90, 2.3 வந்தால் 60.

பாம்பன் பாலத்தை 3டியில செதுக்கணும். கம்பி கம்பியா தெரியணும். எந்த பிட்டு?

இந்த ஊரில் அடிக்கடி வருகிற ஆர்டர் இது. 1914-இல் திறந்த பழைய பாலத்தின் தூக்குப் பகுதியைத்தான் எல்லாரும் கேட்பார்கள், அதில்தான் குறுக்குச் சட்டங்கள் பின்னிக் கிடக்கின்றன. இதற்குச் சரிவான உருண்டை முனைப் பிட் வேண்டும். அடியில் தடியாகவும் நுனியில் மெலிந்தும் இருப்பதால், நேரான 1 மி.மீ. பிட் ஒடிகிற இடத்தில் இது தாங்கும்.

வாங்கும்போது எழுத்தைக் கவனியுங்கள். ‘ஆர் 0.5’ என்றால் நுனியின் ஆரம் 0.5, அதாவது நுனித் தடிமன் 1 மி.மீ. அதை 0.5 மி.மீ. என்று மென்பொருளில் அடித்துவிட்டுப் ‘படம் மழுங்கி வருகிறது’ என்று வருகிறவர்கள் ஏராளம். படத்தில் இரண்டு சட்டங்களுக்கு நடுவே இடைவெளி 1 மி.மீ.-க்குக் குறைவாக இருந்தால் அந்தப் பிட் உள்ளே போகவே போகாது. பாலத்தைப் பெரிதாக்குங்கள், இல்லையென்றால் ‘ஆர் 0.25’ வாங்குங்கள்.

நுனி மெலிய மெலிய நேரம் ஏறும். 300-க்கு 180 பரப்பை 0.1 மி.மீ. இடைவெளியில் ஓட்டினால் 1,800 வரிகள், மொத்தம் 540 மீட்டர் ஓட்டம். நிமிடத்துக்கு 1,000 மி.மீ. வேகத்தில் ஒன்பது மணி நேரம். அதே பரப்பு ‘ஆர் 1’ பிட்டில் 0.2 இடைவெளியில் நாலரை மணி நேரம். அதனால் முதலில் தட்டை முனைப் பிட்டால் மொத்தச் சதையையும் எடுத்துவிட்டு, மெல்லிய பிட்டை மேல்பூச்சுக்கு மட்டும் வையுங்கள். வானமும் கடலும் வருகிற பகுதிக்கு ‘ஆர் 1’, பாலத்துக்கு மட்டும் ‘ஆர் 0.5’ என்று பிரித்து ஓட்டினால் இன்னும் மிச்சம். கரண்ட் எப்போது போகும் என்று தெரியாத ஊரில் ஒன்பது மணி நேர வேலையை ஒரே மூச்சில் ஓட்ட எனக்குத் தைரியம் இல்லை.

நம்ம ஊர் மரத்துக்கெல்லாம் ஒரே பிட்டு போதுமா?

பனையைத் தவிர மற்றதற்கெல்லாம் பிட் ஒன்றே போதும், நடத்துகிற விதம்தான் மாறும். எல்லாவற்றுக்கும் திட கார்பைடு (முழுக்க கார்பைடு என்ற மிகக் கடினமான பொருளால் ஆனது), இரண்டு வெட்டு விளிம்பு உள்ளது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பூவரசு செதுக்கச் சுகமான மரம். விளிம்பு சுத்தமாக வரும், நுணுக்கம் நிற்கும். முதல் வேலைக்கு அதைத்தான் சொல்வேன். வேம்பு அப்படி இல்லை, அதன் நார் ஒரு பட்டை இந்தப் பக்கமும் அடுத்த பட்டை அந்தப் பக்கமுமாக ஓடும். ஒரே கோட்டில் பாதி வழுவழுப்பாகவும் பாதி பிய்ந்தும் வந்தால் பிட்டைத் திட்டாதீர்கள். கடைசி ஓட்டத்துக்கு 0.2 மி.மீ. மட்டும் விட்டுப் புதுப் பிட்டால் ஓட்டுங்கள். தேக்கில் மணல்சத்து இருப்பதால் கூர்மை சீக்கிரம் போகும். ஹெச்.எஸ்.எஸ். (அதிவேக எஃகு) பிட் என்றால் கண்ணெதிரே மழுங்கும்.

பனையைத் தனியாகச் சொல்ல வேண்டும். அது மரத்தைப் போல வளையம் வளையமாக வளர்வது இல்லை. வெளிப்பக்கம் கறுப்பு நார் நெருக்கமாக, கடினமாக இருக்கும். உள்பக்கம் மெத்தென்ற சோறு. ஒரே பலகையில் பிட் கல்லிலிருந்து பஞ்சுக்குப் போய்த் திரும்பும். வெளிவைரப் பகுதியை மட்டும் எடுங்கள், கீழ்நோக்கிச் சுருள் போடுங்கள், நாரின் நீளவாக்கிலேயே ஓட்டுங்கள். குறுக்கே ஓட்டினால் ஊசி ஊசியாகச் சிலாம்பு நிற்கும், கை வைத்தால் ஏறும். எழுத்துக்குப் பனை சரி, முகத்துக்கு வேண்டாம்.

சீமைக்கருவேல் விறகுக்குத்தான் என்று நினைப்பார்கள். நன்றாகக் காய்ந்த பிறகு அதிகம் கோணாத, கனமான மரம் அது. நுணுக்க எழுத்து கூர்மையாக நிற்கும். அகலப் பலகை கிடைக்காது என்பதும், வெடிப்புக்குள் மண் புதைந்திருக்கும் என்பதும்தான் குறை. சின்ன மெஷினில் ஒரு ஓட்டத்துக்கு அரை மி.மீ.-க்கு மேல் இறக்க வேண்டாம்.

பழைய வள்ளத்துப் பலகை வச்சிருக்கேன், நல்ல வைரம். அதுல செதுக்கினா பிட்டு தாங்குமா?

மரம் தாங்கும், ஆணி தாங்க விடாது. காந்தத்தை மெதுவாக முழுப் பலகையிலும் ஓட்டுங்கள். இரும்பு ஆணி மாட்டிக்கொள்ளும். செம்பு ஆணி இருந்தால் காந்தத்துக்குத் தெரியாது, அதைக் கண்ணால்தான் தேட வேண்டும். ஆணி இருந்த இடத்தில் மரம் கறுத்தோ பச்சை பாய்ந்தோ இருக்கும். கறுப்பு இரும்புக்கு, பச்சை செம்புக்கு. பூசிய தார், பெயிண்ட் எல்லாவற்றையும் சுரண்டி எடுத்த பிறகே இந்தச் சோதனை. கார்பைடு பிட் கடினமானது, ஆனால் நொறுங்கும் குணம் உள்ளது. ஆணித்தலையில் ஒரு தடவை பட்டால் கதை முடிந்தது.

அப்புறம் உப்பு. கடலில் ஊறிய பலகையின் தூளில் உப்பு இருக்கும், அது ஈரத்தை இழுத்துக்கொண்டு கோலெட்டிலும் திருகுத் தண்டிலும் உட்காரும். அந்த வேலை முடிந்த அன்றைக்கே மெஷினைத் துடைத்துவிடுங்கள். கரையில் ஒதுங்கிய கட்டைக்கும் இதே பதில்தான், அதில் மணலும் சேர்ந்திருக்கும்.

புதுப் பிட்டு, ஆனா மரம் கருகுது. டூப்ளிகேட்டா?

பெரும்பாலும் இல்லை. முதலில் மெஷினை ஓடவிட்டு மேலிருந்து பாருங்கள். பிட் கடிகார முள் சுற்றுகிற திசையில் சுற்ற வேண்டும். சின்ன டி.சி. மோட்டாரில் இரண்டு ஒயரை மாற்றி மாட்டியிருந்தால் தலைகீழாகச் சுற்றும். வெட்டும் விளிம்பின் முதுகு மரத்தில் தேயும், புகை வரும். கரண்டை அணைத்துவிட்டு ஒயரை மாற்றினால் சரியாகிவிடும்.

திசை சரியென்றால் வேகக் கணக்கு. ஒரு விளிம்பு ஒரு சுற்றில் எவ்வளவு மரத்தைக் கடிக்கிறது என்பதுதான் விஷயம். 10,000 சுற்று, 2 விளிம்பு, ஒரு கடி 0.03 மி.மீ. என்றால் பெருக்கி வருவது நிமிடத்துக்கு 600 மி.மீ. அதுதான் ஓட்ட வேண்டிய வேகம். டிரிம்மர் 30,000 சுற்றில் இருக்கும்போது நிமிடத்துக்கு 500 மி.மீ. ஓட்டினால் ஒரு கடி 0.01-ஐக்கூட எட்டாது. வெட்டாமல் தேய்க்கும், தேய்த்தால் சூடு, சூட்டில் கருகல். பயந்து மெதுவாக ஓட்டுகிறவர்களுக்குத்தான் அதிகம் கருகுகிறது. டிரிம்மரின் சுற்றை 16,000-18,000-க்கு இறக்குங்கள், ஓட்டத்தைக் கூட்டுங்கள், ஆழத்தைக் குறையுங்கள்.

எல்லாம் சரியாத்தான் செய்றேன். பிட்டு ஒடஞ்சுகிட்டே இருக்கு.

கோலெட்டை எப்படி மாட்டுகிறீர்கள் என்று கேட்பேன். இ.ஆர். கோலெட்டை ஸ்பிண்டிலுக்குள் போட்டு அதன் மேல் நட்டைத் திருகக் கூடாது. முதலில் கோலெட்டைச் சற்றே சாய்த்து நட்டுக்குள் அழுத்த வேண்டும். ‘டக்’ என்று உட்காரும். பிறகுதான் நட்டை ஸ்பிண்டிலில் ஏற்றி, பிட்டைச் செருகி, இறுக்க வேண்டும். உட்காராத கோலெட் பிட்டைச் சாய்த்துப் பிடிக்கும்.

அடுத்தது வெளியே நீட்டிய நீளம். நீளம் இரண்டு மடங்கானால் வளைவு எட்டு மடங்காகும். 12 மி.மீ. பலகைக்கு 40 மி.மீ. நீட்டி வைக்க வேண்டியதில்லை. அதற்காகக் காம்பை அடிவரை முட்டவும் கூடாது, முட்டியபின் ஒன்றிரண்டு மி.மீ. வெளியே இழுத்து இறுக்குங்கள்.

கடல் பக்கத்து வீடு. பிட்டு, கோலெட்டு எல்லாம் துருப்பிடிக்குது. என்ன செய்ய?

திட கார்பைடு இரும்பைப் போலத் துருப்பிடிக்காது. கார்பைடு முனையைப் பற்றவைத்த பிட்டின் இரும்புக் காம்பும், கோலெட்டும், நட்டும்தான் பிடிக்கும். கோலெட்டின் உள்பக்கத்தில் ஒரு பொட்டுத் துரு இருந்தாலும் பிட் நடுவில் நிற்காது. வேலை முடிந்ததும் கழற்றி, பழைய டூத் பிரஷ்ஷால் தூளைத் தட்டி, தையல் மெஷின் எண்ணெயைத் துணியில் தொட்டுத் துடைத்து, மூடி இறுகுகிற டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளாக ஆகப் பிசுபிசுத்துத் தூளைப் பிடித்துக்கொள்ளும். திரும்ப மாட்டும்போது காம்பையும் கோலெட்டையும் உலர்ந்த துணியால் நன்றாகத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் இருந்தால் இரண்டாவது கேள்வியில் சொன்ன நழுவல்தான்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் மெஷின் மேசையின் எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த) பலகை உப்பும். செதுக்கல் ஒரு ஓரத்தில் ஆழமாகவும் மறு ஓரத்தில் மேலாகவும் வந்தால் பிட்டை மாற்றும் முன் மேசையைச் சோதியுங்கள்.

தங்கக் கலர் பிட்டு நல்லதா? 50 பிட்டு செட்டு சல்லிசா வருதே?

மரத்துக்கு அந்த முலாம் பெரிய வித்தியாசம் செய்யாது, அடியில் இருக்கும் கார்பைடுதான் கணக்கு. செட்டில் முக்கால்வாசி நீங்கள் தொடாதவையாக இருக்கும். தட்டை முனை மேல்நோக்கிச் சுருள் 3.175 இரண்டு, 60 டிகிரி வி-பிட் ஒன்று, ‘ஆர் 0.5’, ‘ஆர் 1’ ஒவ்வொன்று. இவ்வளவு போதும். ராமநாதபுரம் கடைகளில் ஆசாரிமாருக்கான கால் இஞ்ச், அரை இஞ்ச் காம்புகள்தான் சுலபமாகக் கிடைக்கும். ஒரு நூல் காம்புக்கு மதுரை அல்லது ஆன்லைன்.

இதே மெஷின்ல சங்கு, பவளக்கல்லுல எல்லாம் செதுக்கலாமா?

பவளத்தைத் தொடாதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பட்டியலிட்டது அது. எடுப்பது, வைத்திருப்பது, விற்பது எதுவும் கூடாது. சில சங்கு, சிப்பி வகைகளும் அதே பட்டியலில் உண்டு. விற்க அனுமதியுள்ள சங்கு என்றாலும் மர பிட் ஆகாது. வைரத்தூள் பதித்த பிட்டும் தண்ணீரும் வேண்டும். மரமெஷினில் தண்ணீர் ஊற்றவும் முடியாது, உலர்வாக ஓட்டினால் வருகிற தூளை மூச்சில் இழுக்கவும் கூடாது.

பாக்கெட்டில் 3 மி.மீ.-ன்னு போட்டிருக்கு, வெட்டின பள்ளம் 3.3 வருது. ஏமாத்திட்டாங்களா?

பிட்டின் முனையை வெர்னியரில் அளங்கள். 3 இருந்தால் பிட் சரிதான், நடுமையத்தில் சுற்றவில்லை. தள்ளாடிச் சுற்றுகிற பிட் தன்னைவிட அகலமான பள்ளத்தை வெட்டும். ஒரே விளிம்பு மட்டும் வேலை செய்வதால் அது பாதி ஆயுளில் மழுங்கும். இரண்டாவது பதிலில் சொன்ன குறைப்புக் குழாயை நுணுக்க வேலைக்கு வேண்டாம் என்றது இதற்காகத்தான். ஸ்பிண்டில் ஒரு தள்ளாட்டம், கோலெட் ஒரு தள்ளாட்டம், குழாய் இன்னொன்று என்று எல்லாம் சேர்ந்துகொள்ளும்.

கோலெட்டைக் கழற்றித் துடைத்து, கால் சுற்று திருப்பி மாட்டி, மறுபடி ஒரு பள்ளம் வெட்டி அளங்கள். அகலம் மாறினால் கோலெட்டை மாற்றுங்கள். எப்படித் திருப்பினாலும் அதே 3.3 என்றால் குறை ஸ்பிண்டிலில் அல்லது ஆடுகிற சட்டத்தில். அதைச் சரிசெய்யும் வரை மென்பொருளில் பிட்டின் தடிமனை 3.3 என்றே கொடுத்து ஓட்டுங்கள். ஒன்றுக்குள் ஒன்று பொருத்துகிற வேலை அதிலேயே சரியாக உட்காரும்.